சக்கரத்துக்கு முதுகு கிடையாது

வாங்க, வாங்க. செருப்பு இருக்கட்டுங்க, பரவால்ல. கதவை மட்டும் கொஞ்சம் புடிச்சுச் சாத்துங்க, விட்டா இந்த ஆடிக் காத்துல டமார்னு அடிச்சுக்கும். எட்டாவது மாடி பாருங்க. பாலக்காட்டுக் கணவாய்ல நுழையற காத்து வேற எங்கயும் நிக்காம நேரா எங்க வீட்டுக்குத்தான் வருது. கணபதி பட்டறையிலிருந்துதானுங்களே? நான் போன் பண்ணிச் சொல்லி எவ்வளவு நாளாச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும். சரி, வந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோசம். பேரு என்னன்னீங்க? ரங்கசாமியா. உக்காருங்க ரங்கசாமி.

வேலை ஒண்ணும் பெருசில்லீங்க. சமையக்கட்டுப் பக்கத்து பால்கனிக்குச் சித்திரைல உங்க பட்டறைல ஒரு அலுமினியத் தகடு அடிச்சு மாட்டுனோமில்ல, பொடிப்பொடியா ஓட்டை போட்டு? அப்ப வந்தது வேற ஆளு. அதே மாதிரி படுக்கைரூம் பக்கத்துக்கும் ஒண்ணு வேணும். அதே ஓட்டை, அதே கனம். அளவெடுக்கறது கெடக்கட்டும், மொதல்ல டீயக் குடிங்க. நான் போட்டதுதான். சக்கரை தூக்கலா இருந்தாப் பொறுத்துக்குங்க. சம்சாரம் ஊர்ல இல்ல.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, ஒரு நிமிசம் பேசாம இருங்க. கேக்குதுங்களா? அதோ. ஊ...ன்னு. சின்னதா ஆரம்பிச்சு, காத்து ஏற ஏற அதுவும் ஏறி, அப்பறம் அப்படியே புடிச்சு நிக்குது பாருங்க. அதுதானுங்க. அதுதான் என்ற குடும்பத்தைக் கெடுத்தது.

நீங்க ஏன் சமையக்கட்டுப் பக்கம் திரும்பறீங்க? அங்கயிருந்து வர்ற மாதிரித்தான் இருக்கும். எல்லாரும் அப்படித்தான் ஏமாந்து போறாங்க. காதை நம்பக்கூடாதுங்க. காது ரெண்டுதானே இருக்குது. அங்க பாருங்க, ஹால் பால்கனில நிக்குதே, சைக்கிள் சக்கரம் மாதிரி, ஸ்டாண்டு மேல. அதுல ஒவ்வொரு கம்பிலயும் மைக்கு மைக்கா இருக்குது. நடுவுல கேமரா. அதுக்கிட்டக் கேக்கணும் சத்தம் எங்கிருந்து வருதுன்னு.

எனக்கு வேலையே அதுதானுங்க, ரிட்டயர் ஆகற வரைக்கும். ஒரு கார் கம்பெனி. பெரிய கூடத்துல காரைக் கொண்டாந்து நிறுத்தி, எதிர்ல ஆளுசர ஃபேனப் போட்டுக் காத்தை அடிப்பாங்க. கார் நின்ன எடத்துல நிக்கும், காத்து நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓடும். உள்ள உக்காந்தா எங்கயோ விசிலடிக்கும். எங்க? கண்ணாடியா, கதவு ரப்பரா, வைப்பரா? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றது நான். இப்ப நீங்க அங்கிருந்து ஒரு கை தட்டுங்க. இந்த ஓரத்து மைக்குக்கு அந்தச் சத்தம் ஒரு துளி முன்னாடி வரும், அந்த ஓரத்து மைக்குக்கு ஒரு துளி பின்னாடி வரும். அந்த முன்னப்பின்ன வித்தியாசத்தை வெச்சு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, கேமரா எடுத்த படத்து மேல, இதோ இங்கதான்னு செவப்பா ஒரு பொட்டு வெச்சுரும். பொட்டு எங்கயோ, திருடன் அங்க. அவ்வளவுதான் விசயம்.

காத்துக்குன்னு தனியாச் சத்தம் கெடையாதுங்க. அது பாட்டுக்குப் போயிட்டிருக்கும். ஒரு ஓட்டையோ ஒரு விளிம்போ குறுக்க வந்தாத்தான் கத்தும். சோடா பாட்டில் வாயில ஊதிப் பாத்திருப்பீங்களே. ஓட்டை, விளிம்பு, காத்து. மூணும் சேர்ந்துச்சுன்னா விசில்தான். இதைச் சொல்லிச் சொல்லியே என்ற தொண்டை வத்திப்போச்சு, இந்த அபார்ட்மெண்டுல ஒருத்தர் மண்டையிலயும் ஏறல.

வைகாசி கடைசில ஆரம்பிச்சுது. காத்து எடுத்த அன்னிக்கே ஆரம்பிச்சுது. மத்தியானம் சோத்துக்கு உக்காந்தம்னா ஊ...ங்கும். சாயங்காலம் விளக்கு வெக்கிற வரைக்கும் நிக்காது. என்ற வீட்டுக்காரிக்கு, கமலவேணின்னு பேரு, அவளுக்கு ஏற்கெனவே தலைவலிக்கற ஒடம்பு. சமையக்கட்டுல நிக்கவே முடியலீங்கன்னா. முந்தானையைத் தலையைச் சுத்திக் கட்டிக்கிட்டு நின்னு ரசம் வெப்பா. பாக்கப் பாவமா இருக்கும். நான் அப்பவே சொன்னேன், அம்மிணி, கவலைப்படாதே, இதுக்குன்னே பொறந்தவன் உன்ற புருசன், ஒரே வாரத்துல புடிச்சுத் தர்றேன்னேன்.

மொதல்ல யோசிச்சுப் பாத்தேன். நாங்க இங்க குடி வந்து வருசக்கணக்காச்சு, போன ஆடில இந்தச் சத்தம் இல்ல. அதுக்கு முந்துன ஆடிலயும் இல்ல. அப்ப இந்த வருசம் புதுசா என்ன வந்துது? அதைத்தானே பாக்கணும்? பாத்தா, எதுத்தாப்புல ஏ பிளாக்குல எஸ்தர் டீச்சர் இருக்காங்களே, தனியா இருக்கறவங்க, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, அவங்க சித்திரைலதான் பால்கனில பூந்தொட்டி வெக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு வாங்கிப் போட்டிருக்காங்க. பூராவும் பைப்பு. பைப்பு முனையெல்லாம் தெறந்து கெடக்குது. ஓட்டை, விளிம்பு, காத்து. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு.

ஆனா நான் அப்படியெல்லாம் வாய்க்கு வந்தபடி ஒருத்தர் மேல பழி போடறவன் இல்லீங்க. கம்பெனில கழிச்சுப் போட்ட சக்கரம் அது, நான் கேட்டு வாங்கிட்டு வந்து பரண்ல போட்டிருந்தேன். எறக்கித் தொடச்சு, ஒயரெல்லாம் சரி பண்ணி, ஹால் பால்கனில ஏ பிளாக்கைப் பாத்து நிறுத்துனேன். ஹால் கதவை நல்லா விரியத் தெறந்து வெச்சுக்கிட்டு, லேப்டாப்போட சோபாவுல உக்காந்தேன். காத்து ஏறுச்சு. ஊ...ன்னுச்சு. பட்டன அமுக்குனேன். செவப்புப் பொட்டு, கொண்டுபோய் வெச்ச மாதிரி, டீச்சர் பால்கனில!

ஓடிப் போய்க் கமலவேணிகிட்டக் காட்டுனேன். அவ கரண்டியக் கையில வெச்சுக்கிட்டே பாத்துப்போட்டு, "ஏனுங்க, சத்தம் இங்கதானுங்களே கேக்குது, சமையக்கட்டுல?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அம்மிணி, அது அங்கயிருந்து வந்து இங்க செவுத்துல முட்டி எதிரொலிக்குது, உனக்கு அது புரியாதுன்னேன். அவ திரும்பி நின்னு தாளிக்க ஆரம்பிச்சுட்டா.

படத்தைப் பிரிண்டு போட்டு அசோசியேசன்ல குடுத்தேன். செகரட்டரி தாமோதரன் கூட்டம் போட்டாரு. டீச்சரும் வந்தாங்க. நான் எழுந்து நின்னு எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். அந்தம்மா மறுபேச்சே பேசலீங்க. "மெஷின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்"னாங்க. தொட்டியெல்லாம் ஒண்ணொண்ணா எறக்கி, ஸ்டாண்டைக் கழட்டி, கீழ பார்க்கிங்ல கொண்டுபோய்ப் போட்டாங்க. எறக்கறப்ப ஒரு ரோசாத்தொட்டி ஒடைஞ்சு போச்சு. அதுக்கென்ன பண்றது. உண்மைன்னா உண்மைதானே?

அடுத்த நாளு மத்தியானம் ஊ...ன்னுச்சு.

இருங்க ரங்கசாமி, சொல்லி முடிச்சர்றேன். பையைத் தொறக்க என்ன அவசரம், டேப்பு எங்கயும் ஓடிப்போகாது.

எனக்கு வெக்கமாப் போச்சுங்க. மறுபடியும் சக்கரத்தை வெச்சேன். இந்தத் தடவை பால்கனில இந்த ஓரத்துல வெச்சேன், முன்ன வெச்ச எடத்துல வெய்யிலு. பாத்தா, பொட்டு டீச்சர் வீட்டுல இல்ல, பக்கத்து வீட்டு ஏசி பெட்டி மேல நிக்குது. ஓ, ரெண்டு எடம் போல இருக்குதுன்னு நெனச்சேன். அந்த வீட்டுப் பையன் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறவன், ராத்திரி வேலை, பகல்ல தூங்குவான். அவனை எழுப்பி ஏசிக்குக் கோணிப்பை சுத்த வெச்சோம். சத்தம் நிக்கல. சக்கரத்தை அந்த ஓரத்துக்கு நகத்துனேன். பொட்டு மாடிப்படி ஜன்னலுக்குப் போயிருச்சு. அதுக்கு அட்டை வெச்சு அடைச்சோம். நிக்கல. தாமோதரன் என்னை லிஃப்டுல பாத்து, "நாச்சிமுத்து சார், நீங்க நகர்ற பக்கமெல்லாம் அதுவும் கூடவே நகருதுங்களே"ன்னு சிரிச்சாரு. கிண்டலு. வேலை தெரியாதவனுக்குக் கிண்டல்தானே வரும். ஏ பிளாக்கு மொத்தமும் ஓட்டையா இருக்குது, நான் என்ன பண்ணட்டும்?

பொட்டுத் தப்பா விழறது எப்படின்னு எனக்குத் தெரியாததா? கம்பெனில ஒருத்தன் இருந்தான், எஞ்சினியரிங் முடிச்சு அப்பத்தான் வந்தவன். ஒரு நாள் காலைலயிருந்து காரோட சைடு கண்ணாடில பொட்டு வருதுன்னு கண்ணாடியைக் கழட்டறான், மாட்டறான், ரப்பர் ஒட்டறான், பிரிக்கறான். மத்தியானம் வரைக்கும் இதே கூத்து. நான் போய்ப் பாத்தா, அவன் முதுகுக்குப் பின்னால காத்துப் பைப்பு ஒண்ணு லீக் ஆகி உஸ்ஸுங்குது. இந்தச் சக்கரத்துக்கு வெறும் கம்பிதானே, பலகையா கெடையாது. பின்னாலயிருந்து வர்ற சத்தமும் முன்னாலயிருந்து வர்ற சத்தமும் அதுக்கு ஒண்ணுதான். எப்படி வந்தாலும் கேமரா பாக்கற பக்கம் கொண்டுபோய்ப் பொட்டை வெச்சுரும். எல்லாரு முன்னாடியும் வெச்சு அவனைப் புடிச்சுக் கத்திட்டேன். "டேய், சக்கரத்துக்கு முதுகு கெடையாதுடா! முதுகை நீதான் பாத்துக்கணும்!" அன்னிலயிருந்து அந்த டிபார்ட்மெண்டுல அது ஒரு மந்திரமாவே ஆயிருச்சு. நான் ரிட்டயர் ஆனப்பக் கேக்கு மேல அதைத்தான் எழுதியிருந்தாங்க. அப்படிப்பட்ட ஆளுக்குப் போய் லிஃப்டுல வெச்சுப் பாடம் எடுக்கறாங்க.

வீட்டுல அதுக்கு மேல. டீச்சரும் கமலவேணியும் சாயங்காலமானாச் சேர்ந்து வாக்கிங் போவாங்க. ரெண்டு பேரும் அப்படி ஒரு ஒட்டுதல். ஸ்டாண்டு எறக்குன பின்னால டீச்சர் கீழ வர்றதில்ல. இவளாப் போய்க் கதவைத் தட்டுனாலும், "கால் வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு சொல்லிருக்காங்க. அந்தக் கோவத்தையெல்லாம் இவ என்ற மேல காட்டறா. "அந்தம்மாவுக்குன்னு இருந்ததே அந்தப் பூவுதானுங்க. உங்களுக்கு ஒரு தடவை திரும்பிப் பாக்கணும்னு தோணலீங்களா?"ன்னா. எதைத் திரும்பிப் பாக்கறது? நான் ஒரு தடவையா பாத்தேன், எத்தனை தடவை அளந்து பாத்தேன்.

அப்பறம் ஆரம்பிச்சா, சமையக்கட்டு பால்கனித் தகரத்தைக் கழட்டுங்கன்னு. தகரமாம். எவ்வளவு யோசிச்சு நானே வரைஞ்சு குடுத்த டிசைனுங்க அது. காத்து வரோணும், வெளிச்சம் வரோணும், புறா வரக்கூடாது. இவ தெனமும் காலைல ஒரு கைப்புடி கம்பைக் கொண்டுபோய் அந்த பால்கனில எறைப்பா. பத்துப் பதினஞ்சு புறா வந்து எச்சம் போட்டு நாறடிச்சுரும். துணி காயப்போட முடியாது. நான் தகடு மாட்டுன நாள்லயிருந்தே அவளுக்கு அது மேல ஆத்தாமை. அந்த ஆத்தாமைய எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, சத்தத்தைச் சாக்கா வெச்சுக்கிட்டா. "கழட்டி வெச்சுப் பாருங்க, நிக்கலைன்னாத் திருப்பி மாட்டிக்கலாம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னு கெஞ்சுனா. நான் சொன்னேன், அம்மிணி, ஆதாரம் முன்னால கெடக்குது, அதை விட்டுப்போட்டு உன்ற ஆசைக்காகவெல்லாம் கழட்ட முடியாதுன்னேன். படம் படமா எடுத்து அவ முன்னால வெச்சேன். அவ ஒரு படத்தையும் கையில தொடலீங்க.

பொள்ளாச்சில அவ தம்பி வீடு. தோட்டத்துக்குள்ள இருக்குது. பையை எடுத்துக்கிட்டா. நான் டிவி பாத்துட்டிருந்தேன். "என்னைக்கு அந்தத் தகரம் கீழ எறங்குதோ அன்னைக்குக் கூப்புடுங்க, வர்றேன்"னுட்டுப் போயிட்டா. நானும் சரி, போயிட்டு வான்னுட்டேன். ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். ஆடியே முடியப் போகுது.

சோர்ந்து போச்சுங்க ரங்கசாமி. நெசமாத்தான் சொல்றேன். காலைல எந்திரிச்சா என்ன பண்றதுன்னு தெரியல. இட்லி மாவு வாங்கியாந்தேன், புளிச்சுப் போச்சு. தயிர்ச் சோறுதான் ரெண்டு வேளையும். மத்தியானமானா இது ஊ...ன்னு ஆரம்பிச்சுருது. சக்கரத்தை நிறுத்தறேன், படம் எடுக்கறேன். பொட்டு வருது. வந்து என்ன? யாருகிட்டக் காட்டறது? முன்னாடியெல்லாம் பின்னால பாத்திரம் உருட்டற சத்தம் கேக்கும். இப்ப இது ஒண்ணுதான் வீட்டுல. அவ இல்லாம இருக்க முடியலீங்க எனக்கு. அதைப் போன்ல சொல்லலாம்னு எடுத்தா, வாயி என்னமோ ஏ பிளாக்கைப் பத்தியே பேசுது.

சரி, வாங்க, அளவெடுங்க. படுக்கைரூம் இந்தப் பக்கம்.

என்னங்க? அளவெடுக்க வரலீங்களா? அப்பறம் எதுக்கு வந்தீங்க?

கழட்டவா? யாரு சொன்னா?

அம்மா போன் பண்ணாங்களா? பட்டறைக்கா? பொள்ளாச்சிலயிருந்தா? அடிப்பாவி. கூலியும் அங்கிருந்தே போட்டு உட்டுட்டாளா? இதைத்தான் நீங்க வந்ததுலயிருந்து சொல்ல வந்தீங்களா? நானா பேச உடல? சொல்றதுதானுங்களே, நான் என்ன வாயையா பொத்துனேன்?

சரி. சரிங்க. நான் குறுக்க நிக்கல. உங்களுக்கு வேலை சொன்னது அவ, நீங்க செய்யுங்க. ஒரு வகைல நல்லதாப் போச்சு. கழட்டுங்க, கழட்டிப்போட்டு வந்து ஹால்ல உக்காருங்க. சத்தம் அப்படியே கேக்கும். நீங்களே சாட்சி. நான் இப்பவே போனைப் போட்டு உங்ககிட்டத் தர்றேன், நீங்களே சொல்லுங்க, அம்மா, கழட்டியாச்சு, சத்தம் நிக்கலீங்கன்னு. அப்பறம் பேசட்டும். வாங்க, இப்படி வாங்க. அடுப்பு மேல கை பட்டுராமப் பாத்து. ஸ்டூலு வேணுங்களா? நான் புடிச்சுக்கறேன். ஆமா, இங்க சத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்கும், சொன்னேனில்ல, எதிரொலி. காதுக்குப் பஞ்சு வேணும்னா வாங்கித் தர்றேன். மேல ரெண்டு ஸ்குரூ, கீழ ரெண்டு. மெதுவா. கனமா இருக்கும், நீங்க அந்தப் பக்கம் புடிங்க. உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்.

...

நின்னுருச்சு.

காத்து நின்னுருச்சுங்க ரங்கசாமி. பாத்தீங்களா, சரியா இந்த நேரம் பாத்துக் காத்து நின்னுருச்சு. இதுதான் இந்தக் காத்தோட கொணம். இப்ப எப்படி நான் நிரூபிக்கறது?

என்ன பாக்கறீங்க? ஆமா, அங்க கீழ தென்னைமரம் ஆடுது. தலைய விரிச்சுப் போட்டுட்டு ஆடத்தான் செய்யுது. உங்க சட்டையும் படபடங்குது. அது... ஒரு நிமிசம். அதைத் தூக்கிப் புடிங்க. முன்ன இருந்த மாதிரியே, அதே எடத்துல. நானும் புடிக்கறேன்.

ம்.

எறக்குங்க.

தூக்குங்க. இன்னும் ஒரே ஒரு தடவை. கை வலிக்குதுன்னு தெரியுதுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எறக்குங்க. போதும். செவுத்தோரமாச் சாச்சு வெச்சுருங்க. நான் கொஞ்சம் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன்.

இங்கயிருந்து பாத்தா ஹால் கதவு வழியா நேராச் சக்கரம் தெரியுதுங்க. நான் இத்தனை நாளா இங்க வந்து நின்னு அதைப் பாத்ததே இல்ல.

போன் அடிக்குது பாருங்க. அவளாத்தான் இருக்கும். ஹலோ. ஆமா, நான்தான். வந்துட்டாரு. கழட்டியாச்சு. ம், நின்னுருச்சு. இல்ல, இங்க காத்துக் கொறஞ்சுருச்சு, அதனாலயும் இருக்கலாம். அங்க நல்லா அடிக்குதா? பொள்ளாச்சிக் காத்து வேற, இங்கத்திக் காத்து வேற அம்மிணி. சரி. சரி, நான் ஒண்ணும் சொல்லல. நீ எப்ப கெளம்பற? சாயங்கால பஸ்ஸுக்கு... எங்க? நானா? டீச்சர் வீட்டுக்கா? நீ வந்தப்பறம் ரெண்டு பேருமாப் போலாமே. அதுக்கில்ல. என்னன்னு சொல்றது? சரி. போறேன். போய்ப்போட்டுக் கூப்புடறேன். சாப்பிட்டேன். தயிர்ச் சோறுதான். வெச்சர்றேன்.

மொதல்ல டீச்சரைப் பாத்துப்போட்டு அப்பறம் கூப்புடுங்க, பஸ் ஏறறேங்கறா.

ஏனுங்க ரங்கசாமி, ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா? தகட்டை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க, இங்க வேண்டாம். படுக்கைரூமுக்கும் ஒண்ணும் வேண்டாம். போறப்பக் கீழ பார்க்கிங்ல டீச்சரோட ஸ்டாண்டு கெடக்குது. நான் ஒருத்தனாத் தூக்க முடியாது. ஏ பிளாக்கு வரைக்கும் ஒரு கை புடிச்சீங்கன்னா போதும். ரோசாச் செடி ஒண்ணு நர்சரில வாங்கோணும், அதை நான் பாத்துக்கறேன். ஆனா அந்தம்மா கதவைத் தெறந்து, "சத்தம் நின்னுருச்சா சார்?"னு கேட்டா என்ன சொல்றது? கணக்கு டீச்சருங்க அவங்க. காத்து நின்னுருச்சுங்க டீச்சர்னு சொல்லிக்கலாமுங்களா? நீங்களும் கூட நிப்பீங்க, ஆமான்னு ஒரு தலையாட்டிருங்க. அவ்வளவு போதும்.

வாங்க, போலாம். நான் முன்னால போறேன். அந்தக் கதவை மட்டும் நல்லாப் புடிச்சுக்கங்க, காத்துல அடிச்சுக்கும்.